வலிக்கும் இடமும் அழுத்த வேண்டிய இடமும்

வலது தோளின் முன்பக்கம், கை உடம்போடு சேரும் மடிப்புக்குச் சற்று வெளியே, எனக்கு ஏறக்குறைய ஆறு வருடம் வலித்தது. தாங்க முடியாத வலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடாத வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விடியற்காலையில் கடுகடுவென்று எழுப்பிவிடும். சட்டைக்குள் கையை நுழைக்கும்போது சுரீரென்று இழுக்கும். தினமும் படுக்கும் முன் வலிக்கிற இடத்தையே கட்டைவிரலால் தேய்ப்பேன். தேய்க்கிற வரை இதமாக இருக்கும், கையை எடுத்ததும் மறுபடி ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். நான் காட்டிய இடத்தை அவர் தொடவே இல்லை. முதுகுப் பக்கம், தோள்பட்டை எலும்பின் தட்டையான பரப்பின் நடுவில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார். “எங்கே வலிக்குது?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் விரல் இருந்தது பின்னால். வலி எழுந்தது முன்னால், ஆறு வருடமாக நான் தேய்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில். “முன்னாடி வலிக்குதுங்க” என்றேன். “ம், அதேதான்” என்று சொல்லிவிட்டு விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். அரை நிமிடத்தில் முன்பக்க வலி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்கியது.

நாள்பட்ட தசைவலிக்கு வீட்டில் நம் கையாலேயே என்ன செய்துகொள்ளலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அனுபவத்தைத்தான். எங்கே அழுத்துவது என்பது ஒரு கேள்வி. அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதைப் புரிந்துகொள்ளாமல் ஆரம்பிப்பவர்கள் ஒன்று பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் பலமாக அழுத்தி அழுத்தி இருக்கிற வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

தசையில் ஓரிடத்தில் உண்டாகும் தொந்தரவு வேறோர் இடத்தில் வலியாகத் தெரியும் என்பதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் கெல்கிரன் என்ற மருத்துவர். 1930-களில் லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரின் வழிகாட்டுதலில் வேலை செய்தவர். 6 சதவீத உப்புக் கரைசலை, அதாவது நம் உடம்பின் திரவங்களில் இருப்பதைவிடப் பல மடங்கு உப்பான நீரை, கொஞ்சமாகத் தசைக்குள் ஊசி மூலம் செலுத்தி, வலி எங்கே தெரிகிறது என்று குறித்துக்கொண்டார். 1938-ல் அவர் வெளியிட்ட முடிவுகளில், ஊசி குத்திய இடத்தைத் தாண்டி வெகு தூரத்தில் வலி உணரப்பட்டதும், ஒவ்வொரு தசைக்கும் அந்த வலி பரவும் பாதை ஓரளவு நிலையாக இருந்ததும் பதிவாயின.

இதே தடத்தில் பல பத்தாண்டுகள் உழைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல். முதுகுவலியால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த ஜான் கென்னடிக்குச் சிகிச்சை அளித்தவர், 1961-ல் கென்னடி அதிபரானபோது வெள்ளை மாளிகையின் மருத்துவராகவும் ஆனவர். கென்னடியின் புகைப்படங்களில் அடிக்கடி தென்படும் அந்த ஆடுநாற்காலி இவர் சொல்லி வந்ததுதான். டேவிட் சைமன்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து இவர் எழுதிய கையேட்டின் முதல் பாகம் 1983-ல் வந்தது. தசைகளில் அழுத்தினால் வலிக்கும் புள்ளிகளையும், அவை ஒவ்வொன்றும் வலியை எங்கே அனுப்புகின்றன என்பதையும் படம்படமாக அதில் வரைந்து வைத்தார்கள். ‘டிரிக்கர் பாயிண்ட்’ என்று இன்று பிசியோதெரபி அறைகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் சொல் பரவியதற்கு இவர்கள்தான் பெரிய காரணம்.

அந்த வரைபடங்களைப் பார்த்தால் நம் உடம்பே புதிதாகத் தெரியும். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் சரிவில் இருக்கும் தசை, நெற்றிப்பொட்டில் தலைவலியைக் கொடுக்கிறது. பிட்டத்தின் பக்கவாட்டில் ஆழமாக இருக்கும் சிறு தசை, தொடையின் வெளிப்புறம் வழியாகக் கணுக்கால் வரை வலியை இறக்கி, நரம்பு அழுந்துகிறதோ என்று பயப்பட வைக்கிறது. கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசை குதிகாலில் வலிக்கிறது. என் தோளில் குற்றவாளியாக இருந்தது தோள்பட்டை எலும்பின் பின்பரப்பை மூடியிருக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசை.

காரணம் முதுகுத்தண்டில் இருக்கிறது. உடம்பின் பல பகுதிகளிலிருந்து வரும் நரம்பு இழைகள் தண்டுவடத்தில் ஒரே நரம்பு செல்லில் வந்து சேர்கின்றன. மேலே மூளைக்குப் போவது ஒரே செய்தி. அது எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று மூளை ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது, சில சமயம் அந்த ஊகம் தவறிவிடுகிறது. மாரடைப்பின்போது இடது கையும் தாடையும் வலிப்பதும் இதே வகைதான். அதனால்தான் கை வலியை எல்லாம் தசைவலி என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. இதைப் பின்னால் மறுபடி சொல்கிறேன்.

சரி, விரலுக்குக் கீழே உருண்டையாக, கயிறு போல, ‘முடிச்சு’ என்று நாம் சொல்லும் அந்தப் பொருள் என்ன?

டிராவலும் சைமன்ஸும் தந்த விளக்கம் இது. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் ‘சுருங்கு’ என்ற ரசாயனச் செய்தி அளவுக்கு மீறிக் கசிகிறது. அங்கே தசை இழையின் ஒரு சிறு பகுதி சுருங்கியபடியே நின்றுவிடுகிறது. சுருங்கிய தசை தனக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. ஆக்சிஜன் குறைகிறது, ஆனால் தசை தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். ஆற்றல் இல்லாததால் தளர முடியாமல், தளராததால் ரத்தம் வராமல், ஒரு சுழலில் அது மாட்டிக்கொள்கிறது. 2000-க்குப் பிறகு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மிக மெல்லிய ஊசியால் அந்தப் புள்ளிகளிலிருந்து திரவத்தை எடுத்துப் பார்த்தபோது, வலியைத் தூண்டும் ரசாயனங்கள் அங்கே கூடுதலாகவும், அமிலத்தன்மை அதிகமாகவும் இருந்தன.

இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே நோயாளியை அடுத்தடுத்துத் தொட்டுப் பார்க்கும் அனுபவசாலிகள்கூட ஒரே புள்ளியைக் காட்டுவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. 2015-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு மருத்துவ இதழில், டிரிக்கர் பாயிண்ட் கொள்கையே நிற்காது, வலிப்பது நரம்பின் எரிச்சலாகவோ, வேறிடத்துக் கோளாறால் உணர்வு கூர்மையடைந்த இடமாகவோ இருக்கலாம் என்று நேரடியாகவே வாதிட்டார்கள். என் பார்வையில், தொட்டால் வலிக்கும் அந்தப் புள்ளி சந்தேகமில்லாத உண்மை. ‘முடிச்சு’ என்ற சொல்தான் நம்மைக் கெடுக்கிறது. முடிச்சு என்றதும் அதை அவிழ்க்க வேண்டும், உடைக்க வேண்டும், நசுக்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. உள்ளே அவிழ்ப்பதற்கு ஒரு நூலும் இல்லை.

அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னும் சில நம்பிக்கைகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். தசையைச் சுற்றியிருக்கும் இழையுறை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அழுத்தி அதைப் பிரிக்க வேண்டும் என்பார்கள். 2008-ல் வெளியான ஒரு கணித ஆய்வு, தொடையின் வெளிப்புற உறையையும் உள்ளங்கால் உறையையும் 1 சதவீதம் அசைக்கக்கூட மனிதக் கை தரக்கூடியதைவிட மிக அதிக விசை தேவைப்படும் என்று காட்டியது. உடம்பில் தேங்கிய லாக்டிக் அமிலம் கரைகிறது என்பார்கள். உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட், அதாவது உடம்புக்குள் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தானாகவே நீங்கிவிடும். மாதக்கணக்கில் வலிக்கும் தோளில் அது காத்துக்கொண்டு இருக்காது. 2012-ல் கனடாவில், கடுமையாகப் பயிற்சி செய்த 11 இளைஞர்களின் ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு கால்களிலிருந்தும் சிறு தசைத் துணுக்குகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். லாக்டேட்டில் வித்தியாசமே இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. ஆக, தசைக்குள்ளும் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. அது சக்கையைப் பிழிந்து வெளியேற்றும் வேலை இல்லை, அவ்வளவுதான்.

பெரும்பங்கு வேலை நரம்பு மண்டலத்தில் நடக்கிறது. முழங்கை எங்காவது இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே அதைத் தேய்த்துவிடுகிறோம். தேய்த்தால் வலி குறைகிறது. 1965-ல் ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் சுமந்துவரும் தடித்த நரம்பிழைகள், வலியைச் சுமந்துவரும் மெல்லிய இழைகளின் செய்தியைத் தண்டுவடத்தின் வாசலிலேயே தடுக்கின்றன என்றார்கள். நுணுக்கங்களில் பிற்பாடு நிறையத் திருத்தம் வந்தாலும் அடிப்படைக் கருத்து நின்றுவிட்டது. மேலேயிருந்து மூளையும் தன் பங்குக்கு வலியை அடக்கும் செய்திகளைக் கீழே அனுப்புகிறது. எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. கெண்டைக்காலில் வலிக்கும் புள்ளி உள்ளவர்களுக்கு, 2015-ல் வந்த ஒரு ஆய்வில், வலிக்காத எதிர்க்காலை உருளையால் உருட்டினார்கள். உருட்டாத காலின் வலிப்புள்ளியும் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியது. தொடவே தொடாத முடிச்சு எப்படி அவிழும்?

நாள்பட்ட வலியில் இது இன்னும் முக்கியம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. அவ்வளவு காலம் வலிச் செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் அதற்குக் கூர்மையடைந்துவிடுகின்றன. 1983-ல் கிளிஃபர்ட் உல்ஃப் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர் இதைத் தண்டுவடத்தில் காட்டினார். சின்னத் தொடுதலும் பெரிய வலியாகப் பெருகும், வலிக்கும் பரப்பு அகலமாகும். அந்த நிலையில் உள்ள ஒருவர் வலியைப் பொறுத்துக்கொண்டு பலமாக அழுத்தினால், ஏற்கெனவே அலறிக்கொண்டிருக்கும் மண்டலத்துக்கு இன்னொரு அபாய மணி அடித்த மாதிரி ஆகும். வேண்டியது அதற்கு நேரெதிரானது. ‘இங்கே ஆபத்து இல்லை’ என்ற செய்தி, திரும்பத் திரும்ப, உடம்பு நம்பும் அளவில்.

இதனால்தான் சொந்தக் கையால் செய்துகொள்வதில் ஒரு தனி நன்மை இருப்பதாக நினைக்கிறேன். அடுத்தவர் கை தரும் சுகம் நம் கை தராது, உண்மைதான். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கு என்ன காரணமோ அதே காரணம்: நம் கை எங்கே வரப்போகிறது என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும், அந்த உணர்வை அது பாதியாக்கிவிடுகிறது. ஆனால் வலி கூடும் அந்தக் கணத்திலேயே அழுத்தத்தைக் குறைக்க நம்மால்தான் முடியும். வேறொருவர் விரல் எப்போது இன்னும் ஆழமாக இறங்குமோ என்று தசை இறுகிக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது செய்முறை. என் தோளையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்ற இடங்களுக்கு முறை தானே வந்துவிடும்.

ஒரு டென்னிஸ் பந்து போதும். அதை நீளமான காலுறைக்குள் போட்டு, காலுறையின் வாயை மறுகையால் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டால் பந்து கீழே விழாது, வேண்டிய இடத்துக்கு ஏற்றி இறக்கவும் வசதி. சுவரை ஒட்டி நின்று, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, தோள்பட்டை எலும்புக்கும் சுவருக்கும் நடுவில் பந்தை வைக்க வேண்டும். எலும்பின் குறுக்கே மேடாக ஓடும் விளிம்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதற்குக் கீழே இருக்கும் தட்டையான பரப்புதான் நமக்கு வேண்டிய இடம். சரியான இடம்தானா என்று தெரிய ஒரு வழி உண்டு. முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்புங்கள். பந்துக்குக் கீழே ஒரு தசை புடைத்து அடங்கினால் அதுதான்.

பிறகு கையைத் தொங்கவிட்டு, கால்களைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து, உடம்பின் எடையை மெதுவாகப் பந்தின் மேல் சாய்க்க வேண்டும். தள்ளக் கூடாது, சாய்ந்தால் போதும். அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்ந்து தேடும்போது, பெரும்பாலான இடங்களில் வெறும் அழுத்தம்தான் தெரியும். ஓரிடத்தில் மட்டும் ‘ஆ, இதுதான்’ என்று உடம்பே சொல்லும். பழகிய வலி, நாம் தினம் அனுபவிக்கிற அதே வலி, அங்கே அழுத்தும்போது எழும். அழுத்தினால் வலிக்கிற இடம் யாருக்கும் நிறைய இருக்கும். அவற்றில் நம் வலியைக் கிளப்பும் இடத்தைத்தான் தேடுகிறோம்.

கிடைத்ததும் எவ்வளவு அழுத்துவது? 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது என்று வைத்துக்கொண்டால், 5-க்கு மேல் போக வேண்டாம். எண் குழப்பமாக இருந்தால் மூச்சைக் கவனியுங்கள். மூச்சு தடையில்லாமல் நீளமாக வெளியே போகிறதா? பற்கள் ஒன்றையொன்று கடிக்காமல் இருக்கின்றனவா? அப்படியானால் அளவு சரி. அந்த நிலையில் அரை நிமிடம் அசையாமல் இருக்கலாம், அல்லது அந்த இடத்தின் மேல் ஓர் அங்குல நீளத்துக்கு, மெதுவாக, பத்துப் பன்னிரண்டு முறை நீவலாம். எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவருகிறது. 5-ல் தொடங்கிய வலி 3-க்கோ 2-க்கோ இறங்குவது தெரிந்ததும் விட்டுவிட வேண்டும். முழுதாகப் போகும்வரை விடமாட்டேன் என்று நின்றால் அடுத்த நாள் அந்த இடம் கன்றிப்போயிருக்கும். ஓர் இடத்துக்கு ஒரு தடவைக்கு இரண்டு நிமிடமே அதிகபட்சம். ஒரேயடியாக அரைமணி நேரம் செய்வதைவிட நாளுக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் சின்னதாகச் செய்வது மேல்.

இதைச் சொல்லும் நான் ஆரம்பத்தில் இதைப் பின்பற்றவில்லை. முன்பக்க வலிக்குக் காரணம் பின்னால் இருக்கிறது என்று தெரிந்த உற்சாகத்தில் டென்னிஸ் பந்தை விட்டுவிட்டு இன்னும் கெட்டியான ரப்பர் பந்தை எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் முழு எடையோடு பத்து நிமிடம் படுத்துக் கிடந்தேன். மறுநாள் காலையில் கையைத் தோள் உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. நான்கு நாள் நீலம்பாரித்துக் கிடந்தது. அதைவிட மோசம், அந்தப் பகுதியைத் தொட்டாலே தசை இறுகிக்கொள்ள ஆரம்பித்தது. அந்தப் பயம் தெளிய மூன்று வாரம் ஆனது. மிகக் கடுமையான மசாஜுக்குப் பிறகு தசை இழைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அபூர்வம்தான். ஆனால் மசாஜுக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கறுத்த பழுப்பு நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கட்டைவிரலைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த மசாஜில் முதலில் பழுதாவது அதுதான். விரலை நீட்டிக்கொண்டு அதன் நுனியால் குத்தி அழுத்தினால், மூட்டு பின்பக்கம் வளைந்து சில வாரங்களில் அங்கே புதிதாக ஒரு வலி சேரும். பந்து, மடக்கிய விரல்களின் முட்டி, முழங்கை, இவற்றால் முடிந்த இடத்தில் கட்டைவிரலுக்கு வேலை கொடுக்காதீர்கள்.

தட்டச்சு செய்கிறவர்களுக்கும் நாள் முழுக்கக் கைபேசி பிடித்திருப்பவர்களுக்கும் முன்கைதான் முதலில் தேட வேண்டிய இடம். மணிக்கட்டு வலிக்கிறது, விரல் வலிக்கிறது என்று வருகிற பலருக்கு, முழங்கையின் வெளிப்புற எலும்புக்கு இரண்டு விரல் கீழே, முன்கையின் மேல்பக்கத்துத் தசைகளில் தொட்டால் துடிக்கும் இடம் இருக்கும். கையைத் தொடைமேல் வைத்து, மறுகையின் முட்டியால் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து முழங்கையை நோக்கி நீவலாம். பிடரித் தலைவலிக்கு, இரண்டு பந்துகளை ஒரே காலுறையில் இறுக்கிக் கட்டி, மல்லாந்து படுத்து, மண்டை ஓடு கழுத்தோடு சேரும் விளிம்புக்கு அடியில் வைத்து ‘ஆமாம்’ என்று தலையாட்டுவதுபோல மிகச் சிறிதாக அசைக்கலாம். தலையின் எடையே போதுமான அழுத்தம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். இடுப்புவலியில் முதுகெலும்பின் மேல் பந்தை வைக்கவே கூடாது. எலும்புக்கு இரு பக்கமும் உள்ள தசைமேட்டிலும், அதைவிட முக்கியமாகப் பிட்டத்தின் மேல்வெளிப் பகுதியிலும் தேடுங்கள். பிட்டத்தில் தேடும்போது கால்வழியே மின்சாரம் பாய்வதுபோலவோ மரத்துப்போவதுபோலவோ இருந்தால் அது நரம்பு. உடனே நகர்ந்துவிட வேண்டும்.

ஃபோம் ரோலர், அதாவது மேலே படுத்து உருளும் கெட்டி நுரை உருளை, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நல்லது. அதிரும் மசாஜ் துப்பாக்கி சிலருக்குப் பிடிக்கிறது. எனக்கு அதில் ஒரே குறை, உள்ளே என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை. எண்ணெய் வழுக்குவதற்குத்தான், அது தசைவரை இறங்கி எதையும் செய்யாது. பந்துக்கு அதுவும் தேவையில்லை, ஆடைக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம். முன்னதாகப் பத்து நிமிடம் வெந்நீர்ப் பை வைத்தால் இறுக்கம் தளர்ந்து தேடுவது சுலபமாகும்.

தொடக்கூடாத இடங்களை மனதில் பதித்துக்கொள்வது நல்லது. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும், மூளைக்கு ரத்தம் போகும் தமனிகள் ஓடும் வழி. அக்குள், முழங்கையின் உட்பக்கம், தொடை மடிப்பு, முழங்காலின் பின்குழி, இங்கெல்லாம் நரம்பும் ரத்தக்குழாயும் தோலுக்கு அருகிலேயே வந்து நிற்கின்றன. ஒரே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் அது நாளத்தில் உறைந்த ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை நீவினால் கட்டி நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

அப்புறம், எல்லாத் தசைவலியும் தசையில் பிறப்பதில்லை. நெஞ்சில் இறுக்கத்தோடும் வியர்வையோடும் வரும் கை வலி, காய்ச்சலோடும் காரணமில்லாத எடை இழப்போடும் வரும் முதுகுவலி, எந்த நிலையில் படுத்தாலும் அடங்காத இரவு வலி, கால் பலவீனமாவது, மலவாய்ப் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, இவற்றுக்கெல்லாம் பந்தைத் தேட வேண்டாம், மருத்துவரைத் தேடுங்கள். அவசரமில்லாத காரணங்களும் உண்டு. தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகள், இவை உடம்பெங்கும் தசைவலி தரலாம். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக இரண்டு தோளும் இடுப்பும் காலையில் வெகுநேரம் இறுகிக் கிடந்தால், அது மருந்தால் நன்றாகக் கட்டுப்படும் வேறொரு நோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

எவ்வளவு பலனை எதிர்பார்க்கலாம்? இதில் ஆசையைக் கிளப்ப எனக்கு மனமில்லை. இடுப்புவலிக்கு மசாஜ் பற்றி 25 சோதனைகளை, 3,096 பேரின் முடிவுகளை, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2015-ல் சேர்த்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, சான்றின் தரம் குறைவு, நீண்ட காலத்தில் தெளிவான பலன் இல்லை என்பதுதான் சாரம். அவையும் பெரும்பாலும் பிறர் கையால் செய்யப்பட்ட மசாஜ். பலர் இதைப் படித்துவிட்டு மசாஜ் வீண் என்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது என்றால், அந்தக் குறுகிய காலத்தில் என்ன செய்கிறோம் என்று பார்க்க வேண்டும். வலி தணிந்ததும் மறுபடி அதே நாற்காலியில் அதே கூனலோடு நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், தணிந்தது அன்று மாலையே திரும்பி வரும். நாள்பட்ட வலிக்கு நல்ல சான்றுள்ளவற்றில் ஒன்று உடற்பயிற்சி. வலி இருக்கும்போது அதைச் செய்யப் பயமாக இருக்கிறது. மசாஜ் அந்தப் பயத்தைச் சற்று நேரம் விலக்கி வைக்கிறது. தசை அசைய ஒத்துக்கொள்ளும் அந்தப் பத்து இருபது நிமிடம்தான் நமக்குக் கிடைக்கும் பலன்.

என் தோளுக்கு நான் செய்தது இதுதான். சுவரில் பந்து இரண்டு நிமிடம். முடிந்த கையோடு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் நடந்து ஏறுவதுபோலக் கையை மேலே கொண்டுபோய் இறக்குவது பத்து முறை. சில வாரங்கள் கழித்து ஒரு ரப்பர் பட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவு திறக்கும் அசைவையே இழுவைக்கு எதிராகச் செய்வது. மேசையில் மௌஸை அரை அடி பக்கத்தில் இழுத்து வைத்தேன், கை நாள் முழுக்க எட்டிப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாமே என்று. முதல் இரண்டு வாரம் வித்தியாசம் தெரியவில்லை. தினம் படுக்கும் முன் வலிக்கு ஒரு எண் போட்டுக் காலண்டரில் குறித்துவந்ததால்தான், ஐந்தாவது வாரத்தில் 6-கள் 4-களாக மாறியிருப்பது கண்ணில் பட்டது. நான்கு முதல் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண் அசையவே இல்லையென்றால், புள்ளி தவறாக இருக்கலாம் அல்லது காரணமே வேறாக இருக்கலாம். தேர்ந்த ஒருவர் கையில் காட்டுவதுதான் அப்போது சரி.

போன வருடம் என் அக்கா குதிகால் வலி என்று சொன்னாள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியே ஊசி குத்துவதுபோல இருக்கிறதாம். இரண்டு மாதமாக உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லி, வலிக்கும் காலைத் தூக்கி மறுகாலின் முழங்கால் மேல் குறுக்கே போடச் சொன்னேன். கெண்டைக்காலின் கீழ்ப்பாதி முழங்கால் எலும்பின் மேல் அழுந்துகிற மாதிரி வைத்து, காலை மெதுவாக இழுக்கச் சொன்னேன். நாலாவது தடவை இழுக்கும்போது நிறுத்தினாள்.

“டேய், குதிகால்ல வலிக்குதுடா,” என்றாள்.

“அங்கேயே வெச்சிரு அக்கா. மூச்சை விடு,” என்றேன்.